வண்டி சூடாறும் நேரம்

ஏகநாதன் மெட்ராசிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்த பிக்கப்பை சோரியாங்குப்பம் முதலில் வண்டியாகவே ஒப்புக்கொள்ளவில்லை. ஸ்டீரிங் இடது பக்கம் இருந்தது. கால் வைக்கும் இடத்தில் கிளச்சைக் காணோம். கியர் தானாகவே மாறிக்கொண்டது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு எதைப் பார்த்தாலும் அதில் ஒரு குறையைக் கண்டுபிடித்த பிறகுதான் சோறு இறங்கும். இதில் தேட வேண்டிய சிரமம்கூட இல்லாமல் குறைகள் வரிசையாக நின்றன.

"இன்னாடா இது, ஒத்தக்கால் நொண்டிக்கு செஞ்ச வண்டியா?" என்று கேட்டான் பலராமன். ஊரில் டிராக்டர் வைத்திருந்தவன் அவன் ஒருத்தன்தான். கரும்பு வெட்டுக் காலத்தில் அவன் சொல்லுக்கு மறுசொல் கிடையாது.

"ஒனக்குத்தான் ரெண்டு காலும் நல்லா இருக்குதே, நீ ஓட்டாத" என்றான் ஏகநாதன்.

ஆழ்குழாய்க் கிணறு போடும் வேலைக்கு வந்த ஓர் அமெரிக்கக்காரர் அந்த வண்டியை வைத்திருந்தார். ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனார். எழுபத்தைந்து, எழுபத்தாறு வாக்கில் என்று நினைவு. ஏகநாதன் அதுவரை அடுத்தவன் லாரியை சேலத்துக்கும் பெங்களூருக்கும் ஓட்டிக்கொண்டிருந்தான். போனால் பத்து நாள், சில தடவை அதற்கும் மேல். சேலியமேட்டில் தனக்குத் தாய்வீட்டுச் சீராக வந்த நிலத்தை விற்கச் சொன்னது அவன் மனைவி தனக்கொடிதான்.

"நெலத்த வித்துட்டு ஓட்ட வண்டிய வாங்கறதா? ஊரு சிரிக்கும்டி" என்றான்.

"நெலம் எங்கியும் ஓடிப் போயிடல மாமா. நீதான் போய்க்கினே இருக்கற. சொந்த வண்டின்னா பொழுதுபோனா வூட்டுக்கு வருவ இல்ல?"

அவள் கேட்டது அவ்வளவுதான். அவன் அவளுக்கு மாமன் மகன். விளையாடிய நாளிலிருந்தே அவனைத் தெரியும். கல்யாணமான பிறகுதான் அவனைப் பார்ப்பது அரிதாகிப் போயிருந்தது.

வண்டியை ஒப்படைக்கும்போது வெள்ளைக்காரரின் டிரைவர் ஏகநாதனிடம் ஒன்றைத் திருப்பித் திருப்பிச் சொல்லியிருந்தார். இந்த மாதிரி வண்டியில் கியர்பெட்டிக்கு எண்ணெய்தான் உயிர். பாரம் ஏற்றிக்கொண்டு மணலிலோ மேட்டிலோ ஊர்ந்தால் எண்ணெய் சூடேறும். அதைக் காட்ட தனியாக ஒரு மீட்டர் வைத்திருக்கிறது. முள் பச்சையில் இருந்தால் ஓட்டு. மஞ்சளுக்கு வந்தால் பார்த்துக்கொள். சிவப்பை நெருங்கினால் ஓரங்கட்டி, நியூட்ரலில் போட்டுவிட்டு நில். இன்ஜினை மட்டும் அணைக்காதே, எண்ணெய் சுற்றிச் சுற்றித்தான் ஆற வேண்டும். இத்தனையும் சொல்லிவிட்டு, எண்ணெய் ஒரு தடவை கருகிப் போச்சு என்றால் இந்த நாட்டில் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது என்றும் சொன்னாராம்.

அந்த மீட்டரை வெள்ளைக்காரர் தான் உட்காரும் வலது பக்கம், டேஷ்போர்டின் கோடியில் பொருத்தியிருந்தார். ஸ்டீரிங்கில் இருப்பவன் எட்டிப் பார்த்தால் கண்ணாடிப் பளபளப்புதான் தெரியும், முள் தெரியாது. எதிரே லாரி வருகிறதா, முன்னால் போகும் மாட்டுவண்டியைத் தாண்டலாமா என்று பார்த்துச் சொல்லவும் வலது பக்கம் ஓர் ஆள் வேண்டும். ஏகநாதன் அந்த இடத்தில் தனக்கொடியை உட்கார வைத்தான்.

விடியும் முன் பனித்திட்டுக்குப் போய் மீன் கூடைகளை ஏற்றி கடலூர் முதுநகரில் இறக்குவார்கள். அங்கிருந்து உரமூட்டையோ தவிட்டு மூட்டையோ கிடைக்கும். கத்தரிக்காய் காலத்தில் கத்தரிக்காய், நிலக்கடலைக் காலத்தில், எங்கள் பேச்சில் மல்லாட்டை, அது. தனக்கொடி பள்ளிக்கூடத்தில் மூன்று வகுப்பு படித்தவள். முள்ளைப் பார்க்க அதுவே அதிகம். போகப் போக அவளுக்கு முள்ளைப் பார்க்காமலே தெரிந்தது. இன்ஜின் இழுக்கிற சத்தம் மாறும், காலடியில் தகரம் வெதுவெதுப்பாகும். "மாமா, மஞ்சளுக்கு வந்துடுச்சு" என்பாள். அவன் கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல் "இன்னும் ஏறுதா?" என்பான். "நின்னுடு" என்று அவள் சொன்னால் நின்றுவிடுவான். அந்த விஷயத்தில் அவன் ஒரு நாளும் எதிர்த்துப் பேசியதில்லை.

பாகூர் ஏரிக்கரை மேட்டில் வண்டி கட்டாயம் ஒரு முறை நிற்கும். இன்ஜின் உறுமிக்கொண்டே இருக்க, தனக்கொடி தூக்குச்சட்டியைத் திறப்பாள். கேழ்வரகுக் கூழும் சுட்ட கருவாடும், இருந்தால் ஒரு பச்சை வெங்காயமும். வீட்டில் மாமியார் கோகிலாம்பாளும் கொழுந்தன் குடும்பமும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தார்கள். புருஷனும் பெண்டாட்டியும் நாலு வார்த்தை சேர்த்துப் பேசினால் அது அடுத்த அறைக்கும் சேர்த்துத்தான். ஆகவே அவர்கள் பேசியதெல்லாம் ஏரிக்கரையில், வண்டி சூடாறும் நேரத்தில்.

"இன்னும் பச்சைக்கு வரலியா?" என்பான் ஏகநாதன்.

"வரல." சில நாள் வந்திருக்கும். அவள் சொல்ல மாட்டாள். அவனும் சட்டியை வழித்து நக்கிவிட்டு சும்மா உட்கார்ந்திருப்பான்.

ஊர் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்குமா? பெண்டாட்டியை முன்னால் உட்கார வைத்து மகாராணி போல ஊர்வலம் விடுகிறான் என்றார்கள். கோகிலாம்பாளே ஒரு நாள், "நாங்கல்லாம் புருசனுக்குப் பின்னாடி நடந்து வந்தவங்க. ஒனக்கு முன்னாடி சீட்டு கேக்குது" என்றாள். அதில் கோபத்தைவிட ஏக்கம்தான் அதிகம் என்பது என் எண்ணம். அந்த அம்மாளை அவள் புருஷன் திருவிழாவுக்குக்கூட எங்கும் அழைத்துப் போனதில்லை.

மாசி மகத்துக்கு எங்கள் மாரியம்மன் பனித்திட்டுக் கடலுக்குப் போய்த் தீர்த்தவாரி ஆடிவிட்டு வருவாள். எப்போதும் மாட்டுவண்டிதான். அந்த வருஷம் ஊரில் மோட்டார் வண்டி இருக்கும்போது அம்மனை மாட்டில் அனுப்புவதா என்று பேச்சு கிளம்பியது. பலராமனின் டிராக்டர் ஆலைக்குக் கரும்பு அடித்துக்கொண்டிருந்தது. மகத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் கோயில் வாசலில் கூட்டம் போட்டார்கள். தர்மகர்த்தா பக்கிரிசாமி ஏகநாதனுக்குப் பெரியப்பா முறை.

"வண்டி தரன் பெரியப்பா. ஆனா மொள்ள ஊந்துக்கினு போனா கியர்பொட்டி சூடாவும். தனம் பக்கத்துல குந்தி மீட்டரப் பாக்கணும்" என்றான் ஏகநாதன்.

"அம்மன் பின்னால வர, ஒரு பொம்பள முன்னால குந்திக்கினு வருவாளா? நல்லா இருக்குதுடா ஞாயம்."

"அம்மனும் பொம்பளதான பெரியப்பா."

சிலர் சிரித்தார்கள். பலராமன் விடவில்லை. "ஏன்டா, பொண்டாட்டி உத்தரவு குடுத்தாதான் ஒன் வண்டி நவுருமா? ஓட்டறது நீயா, அவளா?"

மறுபடியும் சிரிப்பு. ஏகநாதனுக்கு முகம் சிறுத்துவிட்டது. சாதாரணமாக நிதானம் தவறாதவன். ஆண்கள் நாலு பேர் சேர்ந்து சிரித்தால் மட்டும் அவனுக்குப் பித்தம் தலைக்கேறிவிடும்.

"அவ இன்னா பெரிய இஞ்சினீரா? வூட்ல சும்மா குந்திக்கினு எங்கம்மா கூட மல்லுக்கு நிக்கறாளேன்னு ஏத்திக்கினு போறன். அந்த சீட்ல ஒரு தவுட்டு மூட்டைய வச்சாலும் ஒண்ணுதான்" என்றான்.

இப்போது எல்லோரும் சிரித்தார்கள், அவனையும் சேர்த்துக்கொண்டு. கோயிலின் பக்கவாட்டில் பெண்கள் மாவிளக்குக்கு அரிசி இடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களிலும் சிலர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். உலக்கை தனக்கொடி கையில் இருந்தது. அவள் இடிப்பதை நிறுத்தவில்லை.

கடைசியில் பக்கிரிசாமி இறங்கி வந்தார். "சரி, வந்து தொலையட்டும். தலைக்குத் தண்ணி ஊத்திக்கினு சுத்தமா வரச் சொல்லு" என்றார். ஏகநாதன் வீட்டுக்கு வந்து, ஒன்றுமே நடக்காத குரலில், "காலையில ரெடியா இரு தனம், நீயும் வர" என்றான். அவள் சோற்றைப் போட்டாள்.

காலையில் வாசலில் மேளம் வந்துவிட்டது. ஏகநாதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூப்பிடப் போனபோது, தனக்கொடி பின்கட்டுத் தாழ்வாரத்தில் தனிப்பாயில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தனித் தட்டு, தனிச் சொம்பு. எங்கள் பக்கத்தில் இதற்கு வீட்டுக்குத் தூரம் என்று பெயர். மூன்று நாள் எதையும் தொடக்கூடாது. கோயில் பக்கம் தலைவைத்தும் படுக்கக்கூடாது.

"இன்னாடி இது, போன வாரந்தான தூரம் முடிஞ்சி தலைக்கு ஊத்தின? அதுக்குள்ளயா?" என்று கோகிலாம்பாள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒடம்பு சூடு அத்த. வண்டியிலயே குந்திக் குந்தி."

மாமியார் நம்பினாள். இன்ஜின் சூட்டில் உட்காருகிற பெண்ணுக்கு உடம்பு எப்படி நிலையாக இருக்கும் என்று அவள் ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்தவள்தான். ஏகநாதன் தாழ்வாரத்துக்கு வெளியே நின்றபடி தனக்கொடியைப் பார்த்தான். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவளும் சொல்லியிருப்பாள். "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டான். இன்று நினைத்தாலும் அந்த "சரி"யைப் பிடித்து உலுக்க வேண்டும் போல எனக்கு ஆத்திரம் வருகிறது.

அம்மனை அலங்காரத்தோடு பின்னால் ஏற்றினார்கள். கூடவே ஜெனரேட்டர், பூசாரி, மேளக்காரர்கள், தொற்றிக்கொள்ள இடம் கிடைத்தவர்கள் எல்லோரும். முன் சீட்டில் தட்டும் பிரம்புமாகப் பக்கிரிசாமி ஏறி உட்கார்ந்தார். வண்டிக்குப் பூசை போட்டபோது டேஷ்போர்டில் இருந்த மீட்டர் ஒவ்வொன்றுக்கும் பூசாரி சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார். தனக்கொடியும் வெள்ளிக்கிழமைகளில் பொட்டு வைப்பாள். ஆனால் அந்தக் கோடி மீட்டருக்கு மட்டும் முள் மறையாமல் விளிம்பில் வைப்பாள். அது பூசாரிக்கு எப்படித் தெரியும்?

அம்மன் போகும் வழியில் ஒவ்வொரு வாசலிலும் நின்று கற்பூரம் காட்ட வேண்டும். நடக்கிறவர்களை முந்தக்கூடாது. பாகூர் தாண்டுவதற்குள் வெயில் ஏறிவிட்டது. காலடித் தகரம் சுடுவதை ஏகநாதன் உணர்ந்தான்.

"பெரியப்பா, அந்த ஓரத்து மீட்டர்ல முள்ளு எங்க இருக்குது பாருங்க."

"எங்கடா முள்ளு? பொட்டுதான் இருக்குது."

"கொஞ்சம் தொடச்சிட்டுப் பாருங்களேன்."

"அம்மனுக்கு வச்ச பொட்ட நான் தொடைக்கறதா? வாயக் கழுவுடா. அவ பாத்துக்குவா, நீ ரோட்டப் பாரு."

ஏகநாதன் கையை நீட்டினால் எட்டியிருக்கும். வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தும் பார்த்திருக்கலாம். பின்னால் மேளம் அடித்துக்கொண்டிருந்தது, பெண்கள் குலவையிட்டுக்கொண்டிருந்தார்கள். மாசி மகத்தன்று ஈரம் காயாத குங்குமத்தைத் துடைக்க அவனுக்கும் கை எழவில்லை. கிருமாம்பாக்கத்தில் ஒரு முறை நியூட்ரலில் போட்டு நின்றான். "நல்ல நேரம் போவுது, வண்டிய எட்றா" என்று பக்கிரிசாமி பிரம்பால் கதவைத் தட்டினார்.

பனித்திட்டுக்குள் மணல் பாதை தொடங்கியது. பாரத்தோடு சக்கரம் புதைந்து புதைந்து ஏறியது. அடியிலிருந்து புகை வந்தது. பூசாரியின் சாம்பிராணி என்று நினைத்துக் கூட்டம் கையைத் தூக்கிக் கும்பிட்டது. கருகிய வாசனையும் கற்பூரத்தோடு கலந்துபோய் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஏகநாதனுக்குத் தெரிந்தபோது இன்ஜின் அலறிக்கொண்டிருந்தது, சக்கரம் நகரவில்லை. அவன் இறங்கிக் குனிந்து பார்த்தான். கியர்பெட்டியின் சிவப்பு எண்ணெய் நுரைத்துக்கொண்டு மணலில் கொட்டிக்கொண்டிருந்தது.

அம்மன் நிற்கவில்லை. பனித்திட்டு மீனவர்கள் ஓடி வந்து தோள் கொடுத்தார்கள். அவள் கடலாடினாள், எல்லாம் குறையில்லாமல் நடந்தது. வண்டி மட்டும் மணலில் தனியாக நின்றது.

கடலாடிவிட்டு சைக்கிளில் திரும்பிய ஒருவர் போகிற போக்கில் சேதி சொன்னார். தனக்கொடி பாயை விட்டு எழுந்தாள். "எங்கடி போற, தூரத்தோட?" என்று மாமியார் கத்தியதைக் காதில் வாங்காமல் குறுக்கு வழியில், வரப்பும் சவுக்குத் தோப்புமாக நடந்து போய்ச் சேர்ந்தாள். ஏகநாதன் வண்டிக்குப் பக்கத்தில் மணலில் குந்தியிருந்தான். ஈர வேட்டியோடு ஊர்க்காரர்கள் சுற்றி நின்றார்கள். தனக்கொடி யாரையும் பார்க்காமல் போய் பானட்டில் கையை வைத்தாள்.

"அவ தூரமாச்சே, அம்மன் ஏறுன வண்டியில கைய வைக்கறாளே" என்றாள் ஒருத்தி.

பலராமன் மணலில் கிடந்த சிவப்பைக் காட்டினான். "வண்டியும் தூரமாயிடுச்சு பாரு."

அந்தச் சிரிப்பை என்னால் எழுத முடியவில்லை. பக்கிரிசாமி சிரிக்கவில்லை, அவர் தீர்ப்பே சொல்லிவிட்டார். "இப்பதான் வெளங்குது. நேத்து வரைக்கும் இவ குந்துன சீட்டு. இவ இடிச்ச மாவு. தீட்டு பட்ட வண்டியில அம்மன ஏத்துனா அவ ஏறுவாளா? ஒதறித் தள்ளிட்டா."

தனக்கொடி வாயைத் திறந்தாள். நான் தூரமில்லை என்று சொல்ல வேண்டும். சொன்னால், அம்மன் காரியத்துக்கு வராமலிருக்கப் பொய் சொன்னவள் ஆவாள். அது தீட்டைவிடப் பெரிய குற்றம். அவள் நாக்கு புரள்வதற்குள் ஏகநாதன் எழுந்துவிட்டான்.

"தீட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல பெரியப்பா. முள்ளப் பாக்காம ஓட்டனது நானு. தப்பு என்னுது."

"பொண்டாட்டிய வுட்டுக் குடுப்பானா?" என்றான் பலராமன். ஏகநாதன் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இரண்டு ஜோடி மாடு பூட்டி வண்டியை இழுத்து வந்தார்கள். கடலூரிலிருந்து மாரிமுத்து என்ற மெக்கானிக் வந்து கியர்பெட்டியைப் பிரித்தார். உள்ளே தகடுகள் அடுப்புக்கரி போல் இருந்தன. "லாரி கியர்பொட்டின்னா கண்ண மூடிக்கினு செஞ்சிடுவன். இதுக்கு சாமானும் இல்ல, எனக்கு வேலையும் தெரியல" என்று சொல்லிவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போனார். கொஞ்ச காலம் கோழிகள் அந்த வண்டியில் முட்டையிட்டன. பிறகு பழைய இரும்புக்காரன் வந்து ஏற்றிக்கொண்டு போனான்.

ஏகநாதன் மறுபடியும் லாரிக்குப் போனான். இந்த முறை நாக்பூர், சூரத் என்று இன்னும் தூரம். மாதத்துக்கு ஒரு தடவை வந்தால் உண்டு. வந்தாலும் தூங்கத்தான் நேரம் இருக்கும். தனக்கொடி கரும்பில் காய்ந்த தோகை கழிக்கவும் களையெடுக்கவும் போனாள். ஊர் அவளைத் தள்ளி வைக்கவில்லை, பேசியது, சிரித்தது. ஆனால் மாசி மகத்துக்கு மாவிடிக்க மட்டும் அவளை அதன் பிறகு யாரும் கூப்பிட்டதில்லை. அவளும் போனதில்லை.

ஏகநாதன் கண்ணில் புரை விழுந்து லாரியை விட்டுவிட்டு வீட்டோடு வந்தபோது இருவருக்கும் தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. கோகிலாம்பாள் போய்ச் சேர்ந்திருந்தாள். கொழுந்தன் தனியே வீடு கட்டிக்கொண்டு போய்விட்டான். ஐப்பசி மழை விடாமல் பெய்த ஒரு பகலில், விதைக்கு எடுத்து வைத்த மல்லாட்டையை இருவரும் எதிரும் புதிருமாகக் குந்தி உடைத்துக்கொண்டிருந்தார்கள். தனக்கொடி திடீரென்று சொன்னாள்.

"மாமா, அன்னிக்கு நான் தூரமா இல்ல."

எந்த அன்றைக்கு என்று அவன் கேட்கவில்லை. "தெரியும்" என்றான்.

"கடலாண்ட வந்து நின்னனே, அப்ப தெரிஞ்சிதா?"

"காலையிலயே தெரியும். பாயில குந்தியிருந்தியே, அப்பவே. கோயிலாண்ட நான் பேசனது ஒன் காதுல வுழுந்துடுச்சுன்னும் தெரியும்."

மழை கூரையிலிருந்து வாய்க்காலாக இறங்கிக்கொண்டிருந்தது. தனக்கொடி நாலைந்து காயை உடைத்துப் பருப்பை முறத்தில் போட்டாள்.

"தெரிஞ்சும் ஏன் கேக்கல? ஏன்டி பொய் சொல்றன்னு ஒரு அற அறைஞ்சிருந்தாகூட ஏந்திரிச்சி வந்திருப்பன். இல்ல, வா தனம்னு சொல்லியிருந்தா, வாரிச் சுருட்டிக்கினு ஓடியாந்திருப்பன். அதுக்குத்தான மாமா குந்தியிருந்தன்."

ஏகநாதன் கையிலிருந்த காயை உடைக்காமல் விரலால் உருட்டிக்கொண்டிருந்தான். சரியாகத் தெரியாத கண்ணால் அவள் முகம் இருக்கிற பக்கம் பார்த்தான்.

"வந்துடுவன்னு தெரியும்டி. அதான் கூப்புடல. வாசல்ல பலராமன் நின்னுக்கினு இருந்தான். நீ தூரம்னு சொன்னதும், மெய்யாலுமே சொல்றன், எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு."

தனக்கொடி முறத்தை அவன் பக்கமாகத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனாள்.